பொதுவிடங்களால் ஆன ஊர்



சென்னையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் ரயில் மார்க்கத்தில், ஜோலார்பேட்டையையும் மொரப்பூரையும் கடந்து, சேர்வராயன் மலையின் வடபுறச் சரிவுகள் கண்ணுக்கு நெருங்கி வரும் இடத்தில் இருக்கிறது பொம்மிடி. தர்மபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சரித்திர நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஆயினும், வெவ்வேறு திசைகளிலிருந்து வந்த ஜனங்கள் தத்தம் மொழியையும் வழிபாட்டையும் கைவிடாமல், ஒருவரையொருவர் சார்ந்து ஜீவனம் நடத்துவது எங்ஙனம் என்று அறிய விரும்புவோருக்கு இது சிறந்ததொரு பாடசாலை.

இப்பிரதேசம் பாரமகால் என்னும் பழைய சீமையின் ஓர் அங்கம். 1792 ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு மாறிய இச்சீமையில்தான், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, இடைத்தரகரின்றிக் குடியானவரிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடிகோலினார்கள். அக்காலத்துக்கு முன்பே இங்கே பல குடிகள் கலந்து வாழ்ந்தன. பாப்பிரெட்டிப்பட்டி, புட்டிரெட்டிப்பட்டி என்று ‘ரெட்டி’ என்னும் தெலுங்குப் பட்டத்தைத் தாங்கி நிற்கும் அண்டை ஊர்ப்பெயர்களே அதற்குச் சாட்சி. தமிழ் உழவரோடு, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோரும், உருது பேசும் இஸ்லாமியரும் இவ்வட்டாரத்தில் உண்டு. அருகிலுள்ள பி. பள்ளிப்பட்டியில் லூர்து அன்னையை வணங்கும் கத்தோலிக்கர் திரளாக வாழ்கின்றனர். மலை மேலோ, தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி, சேர்வராயனைக் குலதெய்வமாகப் போற்றும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் காப்பியும் பயிரிட்டு வருகின்றனர்.

இவர்களை ஒன்று சேர்ப்பது எது? உபதேசம் அன்று, பொதுவிடங்களே. 1860களின் தொடக்கத்தில் சேலத்தை எட்டிய இருப்புப்பாதை, மலையடிவாரத்துக் கிராமங்களுக்கு வெளியுலகின் வாசலைத் திறந்தது. சந்தையில் மலைச்சரக்கும் சமவெளித் தானியமும் கைமாறுகையில், விற்பவரின் குலமும் வாங்குபவரின் மதமும் பின்னுக்குப் போய், சரக்கின் தரமும் சொல்லின் நாணயமுமே முன்னிற்கின்றன. பள்ளிக்கூடத்து விசுப்பலகையில் இவர்களுடைய பிள்ளைகள் தோளோடு தோள் உரசி அமர்கிறார்கள். சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாற்றின் நீருக்காக இவ்வட்டத்து உழவர் அனைவரும் ஒரே வானத்தை நோக்குகிறார்கள். மழை பொய்த்தால் மஞ்சளும் கரும்பும் மரவள்ளியும் எல்லாருடைய காட்டிலும் ஒருங்கே வாடுகின்றன. அப்போது எல்லாச் சமூகத்து இளைஞரும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் பெங்களூரின் கட்டட வேலைக்குமாக மூட்டை கட்டிப் புறப்படுகிறார்கள்.

இந்த ஒற்றுமை தானாகவே நிலைத்து நிற்கும் என்று நாம் எண்ணிவிடலாகாது; நீதி தவறினால் அது குலையும். இதே மாவட்டத்தில், அரூரை அடுத்த வாச்சாத்தியில், 1992 ஜூன் மாதத்தில், கடத்தப்பட்ட சந்தனக்கட்டையைத் தேடும் பெயரால் மலையாளிப் பழங்குடி மக்கள் மீது அரசு ஊழியரே இழைத்த கொடுமையை நாம் மறக்கலாகாது. அவ்வழக்கில் 2011 ஆம் ஆண்டில்தான் தர்மபுரி நீதிமன்றம் 215 பேருக்குத் தண்டனை விதித்தது. அத்தீர்ப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 இல் உறுதி செய்தது. சந்தையும் பள்ளியும் போலவே நீதியும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தாலன்றி, ஓர் ஊரில் பல சமூகங்கள் அருகருகே வசிப்பது வெறும் அண்டை வாசமே ஆகும். கூட்டு வாழ்வு ஆகாது.

ஆதலால் நேயர்களே, உங்கள் ஊர் எதுவாயினும், அதன் ஏரியையும் பள்ளியையும் சந்தைத் திடலையும் சுடுகாட்டுப் பாதையையும் எவரும் தமக்கே உரியவையென்று வளைத்துக்கொள்ள இடங்கொடாதீர்கள். அவற்றில் எளியவருக்கும் சம உரிமை உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில், கிராமசபையில் எழுந்து நின்று அதைச் சொல்லுங்கள்.