டிரெய்லரின் துருவும் வர்ணப் பூச்சும்

(ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உழவு முடிந்தாலும் டிரெய்லருக்கு ஓய்வில்லை. எருவும் மணலும் கரும்பும் நெல்மூட்டையும் அதில்தான் செல்கின்றன. ஆயினும் அதன் பராமரிப்பில் நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை.

ஈரமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குகின்றன. உப்பு அதனை விரைவுபடுத்தும். நாம் இடும் பொட்டாஷ் உரமும் ஓர் உப்பே. ஆகவே உரம் ஏற்றிய வண்டியை அன்றே கழுவி உலர்த்துதல் வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், மேற்பூச்சை அடியிலிருந்தே பெயர்த்துவிடும். துருவின்மேல் வர்ணம் பூசுவது புரையோடிய புண்ணை மூடிக் கட்டுவது போன்றதாகும்.

வர்ணம் வாங்குமுன், இழுவைக் கொண்டி, அடிச்சட்டம், பற்றவைத்த மூட்டுகள் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஓசை மங்கினாலோ, இரும்பு ஏடேடாக உதிர்ந்தாலோ, அங்கே வர்ணம் உதவாது. அப்பகுதியை வெட்டி நீக்கிப் புது இரும்பு பற்றவைக்க வேண்டும். பாரத்துடன் செல்லும் டிரெய்லர் சாலையில் கழன்றால், பின்னால் வருவோரின் உயிருக்கே ஆபத்தாகும்.

உறுதியான பகுதிகளில் வேலையைப் பின்வருமாறு தொடங்கலாம். மண்ணையும் எண்ணெய்ப் பசையையும் சோப்பு நீரால் கழுவுக. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். எனவே அதனை நீர் தொட்டுத் தேய்க்கும் எமரித்தாளால் தேய்த்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, குழந்தைகளை விலக்கி வைத்து வேலை செய்க. நன்கு உலர்ந்தபின், துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாள் இடுக. தூய இரும்பு ஓரிரவிலேயே மீண்டும் துருவேறக்கூடும். ஆதலால் அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் பூசிவிட வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின், எனாமல் வர்ணத்தை மெல்லியதாக இரு முறை பூசுக. ஒரே முறை தடிப்பாகப் பூசினால் வழிந்து சுருங்கும்.

மழைநாளிலும் பனி காயாத காலையிலும் பூசலாகாது. கிரீஸ் இடும் துளைகள், தூக்கும் ஜாக்கின் வழுவழுப்பான தண்டு, பிரேக், ரப்பர்க் குழாய் ஆகியவற்றின்மேல் வர்ணம் படலாகாது. வேலை முடிந்ததும், இரவில் ஒளிரும் பட்டைகளைப் பின்புறத்தில் மறவாது ஒட்டுக.

ஊராட்சிக்குச் சொந்தமான வண்டியாயின், ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்பே இச்சோதனையை நடத்தி, கண்டவற்றைப் பதிவேட்டில் எழுதி, மன்றத்தின் முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.