பிழைக்கும் ஒரு தாய்மொழி உண்டு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "மாணவர்களுக்குப் பயன்படுற மாதிரி இருபது நிமிஷம் பேசுங்க சார், அமெரிக்கப் பெருமை மட்டும் வேண்டாம்" என்றார். (சிரிப்பு) ஆகவே நான் தினமும் மல்லுக்கட்டுகிற ஒரு விஷயத்தையே பேசுகிறேன். டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்ற ஊரில், வாரத்தில் இரண்டு மாலை, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அநேகமாக எல்லோருக்கும் தாய்மொழி ஸ்பானிஷ். கட்டட வேலை செய்பவர், ஓட்டல் சமையற்கட்டில் இருப்பவர், லாரி ஓட்டுபவர் என்று பலதரப்பட்டவர்கள்.

"ஒரு தமிழன் அவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருவதா, அதற்கு வெள்ளைக்காரர் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். பிறந்ததிலிருந்தே ஒரு மொழியைப் பேசுகிறவருக்கு அது எங்கே இடிக்கும் என்று தெரியாது. இடித்துக்கொண்டு கற்றவனுக்குத்தான் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதால் இவர்கள் மொழி எளிய மொழி என்று நினைத்துவிடக் கூடாது. இருபது நாடுகளில் ஸ்பானிஷ் ஆட்சிமொழி. கொலம்பஸ் புறப்பட்ட அதே 1492ஆம் ஆண்டில் நெப்ரிஹா என்ற அறிஞர் ஸ்பானிஷ் மொழிக்கு இலக்கணம் எழுதி அச்சிட்டுவிட்டார். ஆங்கிலத்துக்கு வில்லியம் புல்லோக்கர் எழுதிய இலக்கணம் வந்தது 1586இல்தான். நாங்கள் உட்கார்ந்து படிக்கும் சான் அன்டோனியோவே 1718இல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர். டெக்சாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிந்தது 1836இல். அமெரிக்காவோடு சேர்ந்தது 1845இல்.

இனி பாடத்துக்கு வருவோம். ஸ்பானிஷ்காரர்களுக்கு ஆங்கிலத்தில் எது சுலபம், எது கஷ்டம் என்று பார்த்தால் நமக்கு அப்படியே தலைகீழ். நாம் பயப்படும் பெரிய பெரிய வார்த்தைகள் அவர்களுக்கு வீட்டுச் சொற்கள். ஸ்பானிஷ் லத்தீனின் மகள். ஆங்கிலமோ ஜெர்மானிய வீட்டுப் பிள்ளை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னர் நேரடியாகவும் லத்தீன் சொற்களை வாரி எடுத்துக்கொண்டது. அதனால் 'யூனிவர்சிட்டி' என்பது அவர்களுக்கு 'உனிவெர்சிதாத்'. 'நேஷன்' என்பது 'நாசியோன்'. இப்படி நூற்றுக்கணக்கான சொற்கள். முதல் வாரத்திலேயே அவர்களுக்குப் பெரிய சொத்து கைக்கு வந்துவிடுகிறது.

கஷ்டம் எங்கே தெரியுமா? சின்னச் சொற்களில். 'எக்ஸ்டிங்விஷ்' என்றால் உடனே புரியும். 'புட் அவுட்' என்றால் முழிப்பார்கள். 'டாலரேட்' புரியும், 'புட் அப் வித்' புரியாது. 'போஸ்ட்போன்' புரியும், 'புட் ஆஃப்' புரியாது. ஒரு 'புட்'டை வைத்துக்கொண்டு ஆங்கிலேயன் எத்தனை வேலை செய்கிறான் பாருங்கள்! ஒரு மாணவர், கட்டட மேஸ்திரி, என்னிடம் சொன்னார்: "சார், வக்கீல் பேசினால் புரிகிறது. பக்கத்தில் செங்கல் தூக்குகிறவன் பேசினால் புரியவில்லை." ஆங்கில அகராதியின் இரண்டு அடுக்குகளையும் இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அந்தச் சொத்திலும் சில கள்ள நாணயங்கள் உண்டு. ஆங்கிலச் சொல் போலவே முகம் இருக்கும், பொருள் வேறு. 'லிப்ரெரியா' நூலகம் அல்ல, புத்தகக்கடை. 'எக்ஸிதோ' வெளியே போகும் வழி அல்ல, வெற்றி. 'சென்சிப்ளே' என்றால் விவேகி அல்ல, மென்மையான மனம் கொண்டவர். 'எம்பராசாதா' என்றால் வெட்கப்பட்டவள் அல்ல, கர்ப்பிணி! ஸ்பெயின் நாட்டில் ஜலதோஷம் பிடித்தவர் 'கோன்ஸ்திபாதோ' என்பார். அதையே ஆங்கிலமாக்கி டாக்டரிடம் சொன்னால் மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார். (சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் 1980இல் ஃபுளோரிடாவில் நடந்தது சிரிக்கும் விஷயமில்லை. 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் 'இந்தொக்ஸிகாதோ' என்ற சொல்லைச் சொன்னார்கள். சாப்பிட்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் கருத்து. கேட்டவர்கள் காதில் அது 'இன்டாக்ஸிகேட்டட்' என்று விழுந்தது. போதை மருந்து அதிகமாகிவிட்டது என்று வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவருவதற்குள் காலம் கடந்து, அந்த இளைஞருக்குக் கை கால் நான்கும் செயலிழந்துபோயின. அவர் வாழ்நாள் பராமரிப்பையும் சேர்த்து, வழக்கு சுமார் 7 கோடி டாலருக்குத் தீர்ந்தது. ஒரு சொல்!

அடுத்து இலக்கணம். இங்கேதான் நம் தமிழும் மேடைக்கு வருகிறது. ஸ்பானிஷில் 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்'. 'ஆப்லாமோஸ்' என்றால் 'பேசுகிறோம்'. நம்மைப் போலவே வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். 'நான்', 'நாங்கள்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்கிறது என்பதற்கு ஒரே வினைச்சொல் போதும். ஆகவே ஆங்கிலத்தில் "இஸ் ரெய்னிங்" என்பார்கள். "'இட்' எங்கே போச்சு?" என்று கேட்டால், "யார் சார் அந்த 'இட்'? வானமா, மேகமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதானே! ஆங்கில வினை தன் வாலை இழந்துவிட்டது. மிச்சம் இருப்பது 'ஹி ஸ்பீக்ஸ்' என்பதிலுள்ள அந்த ஒற்றை 'ஸ்' மட்டும். வால் போனதால் தலையில் ஒரு சொல்லை எப்போதும் வைத்தாக வேண்டியிருக்கிறது. இப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். "ரூல் அப்படி" என்றால் ஏற்பதில்லை.

பசியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். பசி நம்மிடம் வருகிறது. ஸ்பானிஷ்காரர் 'பசியை வைத்திருக்கிறேன்' என்கிறார். ஆங்கிலேயர் தாமே பசித்தவராக ஆகிவிடுகிறார். வயதும் அப்படித்தான், ஸ்பானிஷில் இருபது ஆண்டுகளை 'வைத்திருக்க' வேண்டும். அதனால்தான் "ஐ ஹேவ் ட்வென்ட்டி இயர்ஸ்" என்று வருகிறது. மூன்று மொழியும் மூன்று கோணத்தில் ஒரே வயிற்றைப் பார்க்கின்றன, அவ்வளவுதான்.

"ஐ டோன்ட் ஹேவ் நத்திங்" என்பார்கள். ஸ்பானிஷில் இரண்டு 'இல்லை' சேர்ந்தால் அழுத்தமான 'இல்லை'. 'மரியா அண்ட் ஹிஸ் ஹஸ்பண்ட்' என்பார்கள். அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய எல்லாவற்றுக்கும் அங்கே 'சு' என்ற ஒரே சொல். "தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்" என்பார்கள். வாழ்க்கைக்கும் அங்கே அந்த 'தி' உண்டு. நமக்கோ 'தி' என்ற சமாசாரமே கிடையாது. அதனால் அவர்கள் 'தி'யை அதிகம் போடுகிறார்கள், நாம் விட்டுவிடுகிறோம்.

உச்சரிப்பில் நாம் நெருங்கிய சொந்தக்காரர்கள். கிராமத்தில் நம் ஆட்கள் 'இஸ்கூல்' என்பார்கள். அவர்கள் 'எஸ்கூல்' என்பார்கள். 'ஸ்' என்ற மெய்யெழுத்தோடு சொல்லைத் தொடங்க இரண்டு நாக்குகளும் மறுக்கின்றன. 'ஷிப்', 'ஷீப்' வித்தியாசத்தில் மட்டும் நாம் தப்பித்தோம். நமக்குக் குறிலும் நெடிலும் உண்டு. அவர்களுக்கு உயிரொலி மொத்தமே ஐந்துதான். கப்பலும் ஆடும் ஒன்றாகிவிடும்.

இன்னொரு ஆச்சரியம். வகுப்பில் கையைத் தூக்கி "ஐ ஹேவ் எ டவுட்" என்பார்கள். நம் வகுப்பறையில் கேட்ட அதே குரல்! ஆங்கிலேயன் அங்கே 'கொஸ்சன்' என்பான். ஸ்பானிஷிலும் தமிழிலும்தான் சந்தேகம் கேட்பது வழக்கம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? என் வகுப்பில் ஒரு அம்மாள் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. பேசினால் வீட்டில் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். ஆனால் டாக்டரிடம் போகும்போது அதே பிள்ளைகளில் ஒருத்தி, பதினோரு வயதுச் சிறுமி, துணைக்குப் போய் மொழிபெயர்க்க வேண்டும். பெண்களுக்கு வரும் உபாதையை ஒரு தாய் தன் சின்ன மகள் வாயால் எப்படிச் சொல்வாள்? அவர் சொல்லவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டே இருந்தார்.

அவருக்காகவே நோட்டில் நடுவே ஒரு கோடு போடச் சொன்னேன். இடது பக்கம் ஸ்பானிஷ் எப்படி நினைக்கிறது. வலது பக்கம் ஆங்கிலம் எப்படிச் சொல்கிறது. பத்துப் பதினைந்து வரிகள் எழுதிய பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அப்படியானால் நான் முட்டாள் இல்லையா, சார்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "இல்லை அம்மா, நீங்கள் ஸ்பானிஷ் இலக்கணத்தை ஒழுங்காகத்தான் கடைப்பிடிக்கிறீர்கள்" என்றேன்.

அதன்பின் அவர் தனியாக டாக்டரிடம் போனார். "ஐ ஹேவ் பெயின் சின்ஸ் டூ வீக்ஸ்" என்று சொன்னாராம். 'ஃபார் டூ வீக்ஸ்' என்றிருக்க வேண்டும். நாமும் செய்கிற பிழைதான். டாக்டருக்குப் புரிந்தது, வைத்தியம் நடந்தது. பிழைகளில் இரண்டு வகை என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். 'சின்ஸ்' வகைப் பிழை கேட்பவர் காதை லேசாக உறுத்தும்; அதை மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். 'இந்தொக்ஸிகாதோ' வகைப் பிழை உயிரோடு விளையாடும். அதை முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் முதல் வகைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறோம்.

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்விலும் இதே கணக்குத்தான். மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாகப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும், அதிகாரி கேட்பதைப் புரிந்து பதில் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியர் அளவுக்கு யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தம்பி தங்கைகளே, தமிழ் வழியில் படித்து வந்து வகுப்பில் கடைசி பெஞ்சில் அமைதியாக இருப்பவர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். "ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி" என்று நீங்கள் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் சிரிக்கலாம். அந்த 'ஒன்லி' எங்கிருந்து வந்தது? 'நேற்றுதான்' என்பதிலுள்ள 'தான்' அது. பிழைக்கும் ஒரு தாய்மொழி உண்டு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி திருத்தம் முடிந்தது, வெட்கமும் போய்விடும். ஒரு நோட்டு வாங்குங்கள், நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். மற்றவர் பிழையைக் கேட்டுச் சிரிப்பதற்குப் பதில் அதையும் அந்த நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கட்டடம், பரிசுக் கேடயம் எல்லாம் கொடுக்கிறோம், நல்லது. அதோடு, உள்ளூரில் இருக்கும் பழைய மாணவர்கள் சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் வந்து, பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் சும்மா பேசிக்கொண்டிருந்தால் போதும். திருத்துவது அப்புறம், முதலில் அவர்கள் பேசட்டும். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் வகுப்பெடுக்கத் தயார்.