மீதி வெயில் எங்கே போகிறது?

(நம் சங்கத்தின் தேசிய அறிவியல் நாள் கூட்டத்தில் ஒரு குடியிருப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மொட்டை மாடியில் சோலார் பேனல் போடலாமா என்று பேச்சு வந்ததிலிருந்து பலரும் கேட்பது இது: "பேனலில் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்குதானே கரண்ட் ஆகிறது, மீதி எங்கே போகிறது?" நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் சுற்றித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் நம் திருச்சியில் பிறந்த ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் ராமன் விளைவைக் கண்டார்கள். பென்சீன் போன்ற திரவங்களில் ஒரு நிற ஒளியைச் செலுத்தினால், சிதறி வருவதில் சிறிதளவு நிறம் மாறி வருகிறது. உள்ளே மூலக்கூறு அதிர்ந்துகொண்டிருப்பதே காரணம். பென்சீன் வளையம் ஒருமுறை விரிந்து சுருங்க ஏறக்குறைய 34 ஃபெம்டோ விநாடி. ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு பிக்கோ விநாடி. அதை இன்னும் ஆயிரமாகப் பிரித்தால் ஃபெம்டோ விநாடி.

ராமன் அந்த அதிர்வை நிறத்திலிருந்து கணித்தார். அது நடப்பதையே பார்க்க முடியுமா? ஓடும் ஃபேனைப் போட்டோ எடுத்தால் இறக்கை கலங்கித் தெரியும், ஃபிளாஷ் மிகக் குறுகியதாக இருந்தால் அப்படியே நின்றதுபோல் விழும். அதே வழிதான். ஃபெம்டோ விநாடி அளவே நீடிக்கும் லேசர் துடிப்பு இங்கே ஃபிளாஷ்.

எனக்கு மிகவும் பிடித்தது, நேரத்தை அளக்கும் முறை. நம் உப்பளம் ஸ்டேடியத்தில் ஓட்டப் பந்தயத்துக்கு ஸ்டாப் வாட்ச் போதும். ஃபெம்டோ விநாடிக்கு எந்த மின்னணுக் கடிகாரமும் ஈடுகொடுக்காது. அதனால் ஒரு துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவது பொருளைத் தட்டி எழுப்பும். இரண்டாவது ஒரு கண்ணாடிக்குப் போய்த் திரும்பி, சற்றுத் தாமதமாக வந்து நிலைமையைப் பார்க்கும். கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினால் தாமதம் ஒரு பிக்கோ விநாடி கூடும். தூரத்தை வைத்தே நேரத்தை அளந்துவிடுகிறார்கள்!

அப்படிப் பார்த்தால் குவாண்டம் நடத்தை நேராகத் தெரிகிறது. குறுகிய துடிப்பு ஒரு எலக்ட்ரானை ஒரே சமயத்தில் இரண்டு நிலைகளில் வைக்கக்கூடும். சுருதி இம்மி பிசகிய இரண்டு தம்புராத் தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஒலி ஏறி இறங்குமே, அதுபோல் சிக்னல் ஏறி இறங்கும். சுற்றியுள்ள அணுக்களின் சலசலப்பில், சாதாரண வெப்பநிலையில், அந்த இசைவு பெரும்பாலும் நொடியில் கலைந்துவிடும். நொடி என்பதே இங்கே மிகப் பெரிய சொல்.

இப்போது பேனலுக்கு வருவோம். சிலிக்கானுக்குத் தேவையான ஆற்றல் இல்லாத அகச்சிவப்பு ஒளி மின்சாரமாகாமலே வீணாகிறது. நீல ஒளியோ தேவைக்கு மேல் கொடுக்கிறது. அந்த உபரியை எலக்ட்ரான் சுமார் ஒரு பிக்கோ விநாடிக்குள் அணுக்களிடம் வெப்பமாகக் கொட்டிவிடுகிறது. வெயிலில் பேனல் சுடுவதற்கு இதுவும் காரணம். பெரோவ்ஸ்கைட் என்ற பொருள்களில் சில நிலைமைகளில் இந்தக் கொட்டல் மெதுவாக நடப்பதை இதே லேசர்கள் காட்டியிருக்கின்றன. கொட்டுவதற்குள் அதைப் பிடிக்க முடியுமா என்பதே இப்போதைய ஆராய்ச்சி. அதற்காகப் பேனல் வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம், இது அடுத்த மாதம் கடைக்கு வரும் சமாச்சாரம் அல்ல.

2023இல் இதைவிடக் குறுகிய அட்டோ விநாடித் துடிப்புகளுக்காக மூவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. அவர்களில் பியேர் அகோஸ்தினி, ஆன் லுயிலியே இருவரும் பாரிசுக்கு அருகே சாக்லேயில் ஆய்வு செய்தவர்கள். லுயிலியேயின் பெயரைப் பலரும் ஆங்கில வாசிப்பில் எழுதினார்கள். நம் ஊரிலாவது சரியாகச் சொல்வோமே. பரிசுச் செய்தி வந்தபோது ஸ்வீடனில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த அவர், திரும்பிப் போய்ப் பாடத்தை முடித்தார்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒன்று. இதற்கு வெளிநாடுதான் போக வேண்டும் என்றில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் இருக்கிறது. ஒளியை வாங்கிய மூலக்கூறுகள் என்ன செய்கின்றன என்பதை அங்கே இப்படித்தான் பார்க்கிறார்கள். ஈசிஆர் பஸ் ஏறித் திருவான்மியூரில் இறங்கினால், தரமணி பக்கம்தான்.