விட்டு விட்டு அடிக்கும் மணி



ஒரு பெண்ணுக்குக் குழந்தைப்பேறு தள்ளிப்போனால், "வயிற்றில் ஏதோ கோளாறு" என்று ஊரார் முடிவு கட்டிவிடுகின்றனர். கணவரையும் பரிசோதிக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். சூலகமும் கருப்பையும் செவ்வனே இருந்தும் முட்டை வெளிப்படாமற் போவதுண்டு. அதற்குக் காரணம் தலைக்குள் இருக்கக்கூடும். மனப்பிரமை என்று சொல்ல வரவில்லை. மூளை அனுப்ப வேண்டிய ஓர் இரசாயனக் கட்டளை வராமலிருப்பதையே சொல்கிறோம்.

மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலாமஸ் என்றோர் இடம் இருக்கிறது. அதன் கீழே, காம்பில் தொங்கும் பட்டாணியைப் போல, பிட்யூட்டரிச் சுரப்பி அமைந்துள்ளது. பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் கலந்து சூலகத்துக்கு அனுப்புகிறது. ஒன்று முட்டையை முதிரச் செய்கிறது. மற்றது முதிர்ந்த முட்டையை வெளிப்படச் செய்கிறது. பசு, ஆடு, எலி, குரங்கு, மனிதப் பெண் எல்லாருக்கும் அடிப்படை ஏற்பாடு இதுதான்.

1952ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஹாரிஸ், டோரா ஜேக்கப்சோன் என்ற விஞ்ஞானிகள் பெண் எலிகளின் பிட்யூட்டரியை அகற்றிவிட்டு, வேறு பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸுக்கு நேர் கீழே ஒட்டவைத்தனர். எலிகளின் பருவச் சுழற்சி மீண்டது; சில கருவும் தரித்தன. மூளையின் வேறு பகுதிக்குக் கீழே வைத்தபோதோ ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே, காம்பிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வழியே ஏதோ ஒன்று இறங்கி வருகிறது என்பது தெளிவாயிற்று. ஆண்ட்ரூ ஷாலியின் குழுவினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளைத் துண்டுகளை அரைத்து வடித்து, 1971இல் அதன் அமைப்பைக் கண்டனர். பத்தே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி! ஷாலியும், போட்டியாக ஆட்டு மூளைகளை ஆராய்ந்த ரோஜர் கியமானும் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

பொருள் கிடைத்துவிட்டது, ஊசி மூலம் செலுத்தினால் போதும் என்றுதானே நினைப்போம்? அங்கேதான் வியப்பு காத்திருந்தது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எர்ன்ஸ்ட் கனோபிலின் குழுவினர், ஹைப்போதலாமஸின் ஒரு பகுதி செயலிழந்த ரீசஸ் குரங்குகளுக்கு இந்த ஹார்மோனை இடைவிடாமல் செலுத்திப் பார்த்தனர். பிட்யூட்டரி சுரப்பதை நிறுத்திக்கொண்டது. மணிக்கு ஒரு முறை, ஆறு நிமிடம் மட்டும் செலுத்தினர், மீண்டும் சுரந்தது. 1978இல் இது வெளியாயிற்று. தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடிக்கிறார்கள்; ஆட்கள் கூடுகிறார்கள். அதே மணி பொழுதெல்லாம் ஓயாமல் அடித்தால் யார் காதில் வாங்குவார்கள்? பிட்யூட்டரியும் அப்படித்தான். கட்டளையின் பொருள் அதன் இடைவெளியில் இருக்கிறது.

இந்த மணியை அடிக்கும் நரம்பணுக்கள் தம் விருப்பப்படி அடிப்பதில்லை. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் வழக்கமாக அவற்றை அடக்கியே வைக்கும். முட்டை முதிர்ந்து, ஈஸ்ட்ரோஜன் மிகுந்து, ஏறத்தாழ இரண்டு நாள் நீடித்தால், அதே ஈஸ்ட்ரோஜன் தூண்டுகோலாக மாறிவிடுகிறது. ஹார்மோன் வெள்ளமாகப் பெருகி, முட்டை வெளிப்படுகிறது. முயல் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. இணைசேர்வதே அதற்குத் தூண்டுதல். ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் முட்டை வந்துவிடும்.

இடையில் நின்று செய்தி சொல்வது கிஸ்பெப்டின் என்ற பொருள். அதன் மரபணு 1996இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வூரின் புகழ்பெற்ற 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள்! இச்செய்தியை ஏற்கும் வாயில் பழுதுபட்டால் பிள்ளைகள் பருவமடைவதில்லை என்று 2003இல் தெரிந்தது.

உண்ணும் உணவு போதவில்லை, உழைப்பு மிகுதி, கைக்குழந்தை அடிக்கடி பால் குடிக்கிறது என்றால் மூளை மணியின் வேகத்தைக் குறைத்துவிடும். வற்றிய உடலில் மாதவிலக்கு நிற்பதும் இதனால்தான். அத்தகைய பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சரியாகச் சாப்பிடுகிறாயா அம்மா என்பதே.

அதன் பிறகும் மணி அடிக்காத பெண்களுக்கு, 1980களிலிருந்து, உடலில் கட்டிக்கொள்ளும் சிறு பம்பு மூலம் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த ஹார்மோனைச் செலுத்தும் சிகிச்சை வந்தது. பலர் கருவுற்றனர். ஓயாத மணிக்கும் பயன் உண்டு. ஆறேழு வயதிலேயே பூப்பெய்தும் அறிகுறி காட்டும் சிறுமிகளுக்கு, இடைவிடாது வேலை செய்யும் மாற்று மருந்தைக் கொடுத்துப் பிட்யூட்டரியை அடக்குகிறார்கள். உரிய வயதில் மருந்தை நிறுத்திவிட்டால், அந்தப் பெண்பிள்ளைக்கு வளர்ச்சி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.