சல்லடை பிடிச்ச கை

வேலை வாங்கித் தருவது பட்டமேன்னு எதிரணி முழங்குச்சு. போடிப் பையன் ஒருத்தன், பி.காம். முடிச்சவன், பயோடேட்டா எழுதுறான். அப்பா பேரு, மதம், உயரம்... பொழுதுபோக்கு: தபால்தலை சேகரித்தல்! ஏம்ப்பா, உங்க வீட்டுக்குக் கடிதாசியே வர்றதில்லையே! (சிரிப்பு)

லீவுக்கு லீவு ஏலக்காய்க் கடையில நின்னவன் அவன். 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர்னு சலிச்சுத் தரம் பிரிப்பான். ஏலத்துக்குப் போற மூட்டைக்குக் கணக்கு எழுதுவான். அதை ஏன் எழுதலேன்னா, "கூலி வேலைங்கய்யா, கேவலம்"ங்கிறான்.

2023-ல கம்பம் பன்னீர் திராட்சை புவிசார் குறியீடு வாங்குச்சு. எந்த மண்ணு, என்ன குணம்னு எழுதிக் கொடுத்துத்தானே வாங்கினாங்க? திராட்சைக்கு இருக்கிற பயோடேட்டா இவனுக்கு இல்லையே! (கைதட்டல்)

பட்டத்துக்குக் கீழேயே எழுது தம்பி: எந்தக் கடை, எத்தனை சீசன், என்னென்ன செஞ்சே.