ஓரெழுத்தும் மொழிபெயர்ப்பும்

எபிரேய மொழியில் 'லோ' என்னும் ஒலியை இரு வகையாய் எழுதுவர். லாமெத் என்னும் எழுத்தை அடுத்து அலெப் வரின் 'இல்லை' என்பது பொருள்; வாவ் வரின் 'அதற்கு' என்பது பொருள். செவிக்கு இவ்வேற்றுமை புலனாகாது.

ஏசாயா 9ஆம் அதிகாரம் 3ஆம் வசனத்தில் ஏட்டிலே நிற்பது அலெப். அதனைப் பின்பற்றிய 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு, அம்மக்களின் மகிழ்ச்சியை இறைவன் பெருக்கவில்லை என்றது. அடுத்த தொடரோ, அறுவடைக் காலத்திற் போல அவர்கள் களிகூர்வதைக் கூறுகின்றது! மசோரேத்தர் எனப்பட்ட யூத அறிஞர், ஏட்டெழுத்தை மாற்றத் துணியாது, வாவ் கொண்டு வாசிக்குமாறு ஓரத்திற் குறித்துவைத்தனர். 1885இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பு அவ்வாசிப்பையே ஏற்றது, மகிழ்ச்சி பெருகிற்று.

மொழிபெயர்ப்பாளன் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்; மற்றதை மறைத்தல் தகாது. அவ்வோரக்குறிப்பு உணர்த்தும் நேர்மை இதுவே.