தொழிலாளர் வழக்கில் பேசுபவர் யார்?



தொழிலாளி நீதி கேட்டு நிற்கும்போது அவருக்காகப் பேசுபவர் யார் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றிக் குடும்பம் காக்கும் தாய்மார்கள் பலர். பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டில் அமர்ந்து சுற்றி, கட்டுகளைக் கடையில் ஒப்படைக்கின்றனர். கூலியில் குறை நேர்ந்தால், "கடைக்காரரைக் கேள்" என்பார் முதலாளி, "கம்பெனி கொடுத்தால்தானே?" என்பார் கடைக்காரர்.

இத்தகைய வழக்கொன்றைச் சேலத்துப் பீடித் தொழிலாளர் சங்கம் நடத்தியது. இடைநின்ற ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வோர் தம் தொழிலாளர் அல்லர் என்று உற்பத்தியாளர்கள் வாதிட்டனர். தீர்ப்பாயம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அதனை நீக்கினார். இரு நீதிபதிகள் அமர்வு மீண்டும் நிலைநாட்டியது. 1964-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஒப்பந்தக்காரர் எனப்பட்டோரும் வறியோரே, முற்றிலும் முதலாளியின் கட்டுப்பாட்டில் இயங்குவோரே என்று கண்டது. வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தழுவிய 1966-ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டத்தை 1974-இல் அதே நீதிமன்றம் ஏற்றது. தனி ஒரு தாயால் இத்தனை படிகள் ஏறியிருக்க முடியுமா?

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், தன் 36-ஆம் பிரிவில், தொழிலாளிக்காகப் பேசும் உரிமையைச் சங்க நிர்வாகிக்கு வழங்கியது. சமரசப் பேச்சில் வழக்கறிஞர்க்கு இடமில்லை. தீர்ப்பாயத்திலோ, எதிர்த்தரப்பின் இசைவும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தால்தான் அவர் வரலாம். பணமுள்ளவர் பெரிய வழக்கறிஞரைக் கொண்டு ஏழையை மடக்கிவிடாதபடி இட்ட வேலி இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இவ்வேற்பாடு தொடர்கிறது. சட்டம் பயின்ற ஒருவர் சங்க நிர்வாகியாகவும் இருந்தால், அத்தகுதியில் வாதிடலாம் என்று 1976-இல் பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இளைஞர்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். சங்கத்திற்குப் பேசத் தெரிந்த நிர்வாகி வேண்டும். சட்டமறியாத நிர்வாகியை அனுப்பினால், நமக்காக இட்ட வேலியே நம்மைத் தடுக்கும் சுவராகிவிடும். எனவே உங்களுள் சிலரேனும் சட்டக் கல்லூரிக்குச் செல்லுங்கள். ஏனையோர் சங்கத்தின் கணக்கையும் தீர்மானப் புத்தகத்தையும் எழுதிக் கொடுங்கள். தாய்மார்களின் பாஸ் புத்தகத்தில் பதிவு சரியாக உள்ளதா என்று வாரந்தோறும் படித்துச் சொல்லுங்கள். வழக்கில் அதுவே சான்று. பணிநீக்கம் நேர்ந்தால் காலம் தாழ்த்தாதீர். முன்பு மூன்றாண்டாக இருந்த வரம்பு இப்போது இரண்டாண்டே.

செலவுக்கு அஞ்ச வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவில், பட்டியல் வகுப்பினர்க்கும் பெண்களுக்கும் தொழிலாளர்க்கும் இலவசச் சட்ட உதவியை உரிமையாக்கியுள்ளது. கேட்டுப் பெறுவது நம் கடமை.

1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அண்ணல் அம்பேத்கர், சங்கங்களை முதலாளிகள் அங்கீகரிக்கக் கட்டாயப்படுத்தும் மசோதாவை 1943-இல் கொண்டுவந்தார். சட்டம் கற்ற அறிவைத் தொழிலாளர்க்கு ஈந்தவர் அவர். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் ஊட்டிய கல்வியும் அவ்வழியே பயன்படுமாக!